குடலிறக்க அறுவையும் சிறுநீர்ப்பையும்: ஒரு வரலாறு

குடலிறக்க அறுவை மருத்துவம் என்பது வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தின் வழியே வெளியே புடைத்து வரும் குடலையோ கொழுப்பையோ உள்ளே தள்ளி, அந்த வழியை அடைக்கும் சிகிச்சை ஆகும். பேச்சு வழக்கில் இந்நோய் இரணியா, ஹெர்னியா, குடல் இறக்கம் எனப் பலவாறு சொல்லப்படுகிறது. சைக்கிள் டயரில் கிழிசல் விழுந்தால் உள்ளிருக்கும் டியூப் அதன் வழியே புடைத்துக்கொண்டு வருவதை இதற்கு ஒப்பிடலாம். பெரும்பாலும் ஆண்களுக்கு, தொடையும் அடிவயிறும் சேரும் கவட்டுப் பகுதியில் இது தோன்றுகிறது.

இந்த அறுவையால் சிறுநீர்ப்பைக்கு நேரும் தொல்லைகள் மூன்று வகைப்படும். முதலாவது, அறுவையின்போது சிறுநீர்ப்பை வெட்டுப்படுதல். இரண்டாவது, அறுவை முடிந்தபின் சிறுநீர் கழிக்க முடியாமல் தேங்கிப்போதல். மூன்றாவது, உள்ளே வைத்துத் தைத்த செயற்கை வலை ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப்பைச் சுவரை அரித்தல். இம்மூன்றும் ஒரே காலத்தில் கவனத்துக்கு வந்தவை அல்ல. கத்தியின் காலத்தில் முதலாவதும், மயக்க மருந்தின் காலத்தில் இரண்டாவதும், வலையின் காலத்தில் மூன்றாவதும் முன்னுக்கு வந்தன. குடலிறக்கச் சிகிச்சை ஒவ்வொரு படி முன்னேறியபோதும் சிறுநீர்ப்பையின் தொல்லையும் வடிவம் மாறியதை இவ்வரலாறு காட்டுகிறது.

அடுத்தடுத்த வீடுகள்

சிறுநீர்ப்பை இடுப்பெலும்பின் முன்பகுதிக்குப் பின்னால் அமைந்துள்ளது. காலியாக இருக்கும்போது எலும்பின் மறைவிலேயே அடங்கிவிடும். நிரம்பும்போது மேலே எழுந்து அடிவயிற்றுச் சுவரை ஒட்டி நிற்கும். கவட்டுக் குடலிறக்கம் வெளிப்படும் துவாரம் இதற்குச் சில அங்குலத் தொலைவிலேயே உள்ளது. குறிப்பாக, நேரடிக் குடலிறக்கம் எனப்படும் வகையின் உட்பக்க ஓரம் சிறுநீர்ப்பையின் பக்கச் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும்.

சிறுநீர்ப்பைக்கும் முன் வயிற்றுச் சுவருக்கும் இடையே கொழுப்பு நிறைந்த ஓர் இடைவெளி உண்டு. சுவீடன் நாட்டு உடற்கூற்றியலாளர் ஆண்டர்சு ரெட்சியசு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதனை விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அதன் பக்கவாட்டுத் தொடர்ச்சியைப் பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் போக்ரோசு 1823-இல் விவரித்திருந்தார். அந்நாளில் வெறும் உடற்கூற்றுச் செய்தியாக இருந்த இவ்விரு இடைவெளிகளும், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் குடலிறக்க அறுவையின் முக்கியக் களங்களாக மாறின.

பழங்காலம்

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமைச் சேர்ந்த செல்சசு தம் மருத்துவ நூலில் குடலிறக்கத்தைக் கையால் உள்ளே தள்ளுவதையும் அறுத்துச் சரிசெய்வதையும் விவரித்தார். சிறுநீர் அடைத்துக்கொண்டால் அதை வெளியேற்றும் வெண்கலக் குழாய்களைப் பற்றியும் அதே நூலில் எழுதினார். ஆண்களுக்கு மூன்று அளவுகளும் பெண்களுக்கு இரண்டு அளவுகளும் மருத்துவரிடம் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பாம்பெயி நகர இடிபாடுகளில் இத்தகைய வளைந்த வெண்கலக் குழாய்கள் கிடைத்துள்ளன.

இடைக்கால ஐரோப்பாவில் இந்த அறுவை பெரும்பாலும் ஊர் ஊராகச் சுற்றித் திரிந்த கத்திக்காரர்களின் தொழிலாக இருந்தது. குடலிறக்கம், சிறுநீர்ப்பைக் கல், கண்புரை ஆகிய மூன்றையும் அவர்களே அறுத்தனர். குடலிறக்கத்தை அறுக்கும்போது அந்தப் பக்க விரையையும் சேர்த்து எடுத்துவிடுவது அக்காலத்தில் பரவலாக இருந்தது. மயக்க மருந்து கிடையாது. சீழ்பிடிப்பைத் தடுக்கும் வழியும் கிடையாது. எனவே உயிர் பிழைப்பதே பெரிதாக இருந்தது. சிறுநீர்ப்பைக்கு என்ன ஆனது என்று தனியாகப் பார்க்கும் நிலை அன்று இல்லை.

16-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் புரோவன்சுப் பகுதியைச் சேர்ந்த பியர் பிராங்கோ இத்தொழிலை ஒரு கலையாக உயர்த்தினார். குடலிறக்கங்களைப் பற்றி அவர் 1561-இல் வெளியிட்ட நூலிலேயே, சிறுநீர்ப்பையை அடிவயிற்றின் வழியாகத் திறந்து ஒரு சிறு குழந்தையின் கல்லை எடுத்த செய்தியும் இடம்பெற்றுள்ளது. கீழ்வழியாக எடுக்க முடியாமல் போனதால் வேறு வழியின்றி அவ்வாறு செய்ததாகவும், குழந்தை பிழைத்துக்கொண்டது என்றாலும் பிறர் இம்முறையைப் பின்பற்ற வேண்டாம் என்றும் அவர் எழுதினார். சிறுநீர்ப்பையில் கத்தி பட்டால் மரணம் நிச்சயம் என்று நம்பிய காலம் அது. காயப்பட்ட சிறுநீர்ப்பை ஆறக்கூடும் என்பதற்கான தொடக்கச் சான்றுகளுள் ஒன்று, ஒரு குடலிறக்க நூலுக்குள்ளேயே இவ்வாறு பதிவாகியது.

சரிந்து வரும் சிறுநீர்ப்பை

குடலிறக்கப் பையைத் திறந்தால் எப்போதும் குடலே இருக்கும் என்று சொல்ல முடியாது. 1735-இல் இலண்டனில் கிளாடியசு அமியாண்டு ஒரு சிறுவனின் குடலிறக்கப் பைக்குள் குடல்வாலைக் கண்டு அதை அகற்றினார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் அந்தோனியோ இசுகார்ப்பா சரிவுக் குடலிறக்கம் என்ற வகையை விளக்கினார். இதில் உறுப்பு பைக்குள் கிடப்பதில்லை. உறுப்பின் சுவரே பையின் ஒரு பக்கச் சுவராக அமைந்துவிடுகிறது. தலையணை உறைக்குள் பஞ்சைத் தேடுபவர் உறையையே கிழித்துவிடுவது போன்ற ஆபத்து இங்கே உண்டு.

சிறுநீர்ப்பை பெரும்பாலும் இவ்வாறுதான் இறங்கி வருகிறது. கவட்டுக் குடலிறக்கங்களில் 1 முதல் 4 விழுக்காடு வரை சிறுநீர்ப்பையின் ஒரு பகுதியும் சேர்ந்திருப்பதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. வயது முதிர்ந்த ஆண்கள், பருமனானவர்கள், புராசுடேட் சுரப்பி வீங்கியவர்கள் ஆகியோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. சிறுநீர் வெளியேறும் வழி அடைபட்டிருப்பதால் சிறுநீர்ப்பை எப்போதும் விரிந்து தளர்ந்து, பக்கத்தில் உள்ள பலவீனமான துவாரத்தை நோக்கிச் சரிகிறது. சில நேரங்களில் சிறுநீர்ப்பையின் பெரும்பகுதி விரைப்பைக்குள்ளேயே இறங்கிவிடும். 1951-இல் லெவின் என்ற அமெரிக்க மருத்துவர் இந்நிலைக்குத் தனிப்பெயர் சூட்டினார்.

இதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. நோயாளி ஒருமுறை சிறுநீர் கழித்து முடிப்பார். பின்னர் வீக்கத்தைக் கையால் அழுத்தினால் மீண்டும் சிறுநீர் வரும். சிறுநீர் கழித்தபின் வீக்கம் சிறுத்துப்போவதும் ஓர் அறிகுறியே. ஆயினும் கூச்சத்தால் பலர் இதை மருத்துவரிடம் சொல்வதில்லை. மருத்துவர் கேட்காமல் விடுவதும் உண்டு. எனவே அறுவைக்கு முன்பே இது கண்டறியப்படுவது இன்றும் குறைவே. பலருக்கு அறுவை மேசையில்தான் தெரியவருகிறது. சிலருக்குச் சிறுநீர்ப்பை காயப்பட்ட பிறகே தெரிகிறது.

குழந்தைகளிடமும் இந்த ஆபத்து உண்டு. கைக்குழந்தைகளின் சிறுநீர்ப்பை இடுப்புக்குள் அடங்காமல் வயிற்றுப் பகுதியில் சற்று உயரமாக இருக்கும். அதன் இரு ஓரங்களும் கவட்டுத் துவாரங்களை நோக்கிக் காதுகளைப் போல நீண்டு தெரிவதை 1961-இல் ஆலன், காண்டன் ஆகிய இருவரும் எக்சு கதிர்ப் படங்களின் வழியே விவரித்தனர். வளர வளர இது தானாகவே மறைந்துவிடும். ஆனால் குழந்தைக்குக் குடலிறக்க அறுவை செய்பவர் இதை அறியாவிட்டால், பை என்று எண்ணிச் சிறுநீர்ப்பையையே கட்டி வெட்டிவிடக் கூடும்.

பசினியின் காலம்

குடலிறக்க அறுவை உண்மையான சிகிச்சையாக மாறியது 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில்தான். 1840-களில் மயக்க மருந்தும், 1867-இல் இலிசுடரின் கிருமித்தடுப்பு முறையும் வந்தபின் வயிற்றுச் சுவரை நிதானமாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. இத்தாலியின் எதோவார்தோ பசினி (1844–1924) இவ்வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்தினார். இளமையில் கரிபால்டியின் படை அணியில் சேர்ந்து, 1867-இல் உரோமுக்கு அருகே நடந்த சண்டையில் கவட்டிலேயே துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்துப்பட்டவர் அவர். அக்காயத்தின் வழியே நெடுநாள் மலம் கசிந்து, பின்னர் குணமடைந்தார். பதுவா நகரில் பேராசிரியராக இருந்தபோது கவட்டுக் கால்வாயின் பின்சுவரைப் புதிதாகக் கட்டியமைக்கும் முறையை உருவாக்கி, 1887-இல் அறிவித்தார். பின்னர் 262 அறுவைகளின் விளைவுகளையும் வெளியிட்டார்.

இம்முறை உலகெங்கும் பரவியபோது சிறுநீர்ப்பைக் காயங்களைப் பற்றிய அறிக்கைகளும் மருத்துவ இதழ்களில் பெருகின. பின்சுவரை வலுவாகத் தைக்க வேண்டுமானால் உட்பக்க ஓரத்தில் ஆழமாக ஊசி போட வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் ஊசி அதிலும் பாயலாம். பையின் உட்பக்கம் வழக்கத்துக்கு மீறிக் கொழுப்பு தென்பட்டாலோ, தசைநார்களும் தடித்த இரத்தக் குழாய்களும் தெரிந்தாலோ, அது சிறுநீர்ப்பையாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை அறுவைப் பாடநூல்களில் இடம்பெற்றது.

காயம் உடனே தெரிந்துவிட்டால் பெரும் கேடில்லை. கரையும் நூலால் இரண்டு அடுக்காகத் தைத்து, ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்குக் குழாய் போட்டுச் சிறுநீர்ப்பைக்கு ஓய்வு கொடுத்தால் அது நன்றாக ஆறிவிடும். தெரியாமல் போவதே ஆபத்து. சிறுநீர் வயிற்றுக்குள்ளோ விரைப்பைக்குள்ளோ கசியும். வயிற்றுக்குள் கசிந்த சிறுநீர் மீண்டும் இரத்தத்தில் கலப்பதால், சிறுநீரகம் நன்றாக இருந்தும் இரத்தத்தில் யூரியாவும் கிரியாட்டினினும் உயரும். சிறுநீரகக் கோளாறு என்று எண்ணிச் சிகிச்சை திசைமாறுவதும் உண்டு.

படுக்கையும் மயக்க மருந்தும்

சிறுநீர் தேங்குதல் இரண்டாவது தொல்லை. இங்கே சிறுநீர்ப்பையில் காயம் எதுவும் இல்லை. அறுவை நன்றாக முடிந்திருக்கும். ஆனால் நோயாளியால் சிறுநீர் கழிக்க இயலாது. அடிவயிறு கல்லாகக் கனக்கும். முக்கினால் தையல் வலிக்கும். வலிக்கு அஞ்சி அவர் முக்கவும் மாட்டார்.

இதற்குக் காரணங்கள் பல. சிறுநீர்ப்பை சுருங்குவதற்கான நரம்புக் கட்டளை தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்து வருகிறது. 1898-இல் செருமனியின் கீல் நகரில் ஆகசுடு பீர் முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி மரத்துப்போகச் செய்யும் முறையைத் தொடங்கினார். அம்மருந்து கால்களை மட்டுமின்றிச் சிறுநீர்ப்பையின் நரம்புகளையும் மரக்கச் செய்கிறது. கால் அசையத் தொடங்கிய பிறகும் சிறுநீர்ப்பை விழித்தெழ மேலும் நேரமாகும். அதற்குள் நரம்பு வழியே ஏற்றிய குளுக்கோசும் உப்பு நீரும் அதை நிரப்பிவிடும். நாலைந்து நூறு மில்லி லிட்டர் கொள்ளும் பை அளவுக்கு மீறி விரிந்தால் அதன் தசை தளர்ந்து, மருந்து தெளிந்த பின்னும் சுருங்க மறுக்கும். முழு மயக்க மருந்தும், அபின் வகை வலிநீக்கிகளும், வலியால் கிளர்ந்தெழும் நரம்பு மண்டலமும் இதே விளைவைத் தருகின்றன. புராசுடேட் வீக்கம் உள்ள முதியவரிடம் இவை அனைத்தும் ஒன்றுகூடுகின்றன.

20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இன்னொரு காரணமும் இருந்தது. தையல் பிரிந்துவிடும் என்ற அச்சத்தால் நோயாளிகளை இரண்டு மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தி வைத்தனர். நின்றே பழகிய ஆண்களுக்குப் படுத்தபடி சிறுநீர் கழிப்பது எளிதன்று. கனடாவின் எட்வர்டு எர்ல் சோல்டைசு இந்த வழக்கத்தை உடைத்தார். 1945-இல் தொராண்டோவில் அவர் தொடங்கிய மருத்துவமனையில் உள்ளிட மரப்பு மருந்து கொடுத்து அறுவை செய்து, நோயாளியை உடனே எழுந்து நடக்கச் செய்தனர். அறுவை செய்யும் இடத்தை மட்டும் மரக்கச் செய்து குடலிறக்கத்தைச் சரிசெய்யலாம் என்பதை அமெரிக்காவின் ஆர்வி குசிங்கு 1900-இலேயே எழுதியிருந்தார். அதை அன்றாட வழக்கமாக்கியதில் சோல்டைசு மருத்துவமனைக்குப் பெரும் பங்குண்டு.

இவ்வேறுபாட்டின் அளவைப் பின்னாளில் டென்மார்க்கு மருத்துவர்கள் கணக்கிட்டனர். 2002-இல் என்ரிக் கெலெட்டு உள்ளிட்டோர் முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தனர். உள்ளிட மரப்பு மருந்து பெற்றவர்களில் 0.37 விழுக்காட்டினருக்கும், முதுகுத்தண்டு மரப்பு போன்ற பகுதி மரப்பு பெற்றவர்களில் 2.42 விழுக்காட்டினருக்கும், முழு மயக்கம் பெற்றவர்களில் 3 விழுக்காட்டினருக்கும் சிறுநீர் தேங்கியிருந்தது. ஒரே நோய்க்கான அறுவையில், மருந்தைக் கொடுக்கும் முறை மாறினால் தொல்லை பல மடங்கு வேறுபடுகிறது என்பது இதன் சாரம்.

குழாயின் கதை

தேங்கிய சிறுநீரை வெளியேற்றும் குழாய்க்கும் நீண்ட வரலாறு உண்டு. செல்சசு காலத்து வெண்கலக் குழாய் வளையாதது. 1752-இல் பெஞ்சமின் பிராங்கிளின், கல்லடைப்பால் அவதிப்பட்ட தம் அண்ணன் சானுக்காக வளையக்கூடிய வெள்ளிக் குழாய் ஒன்றைச் செய்வித்து அனுப்பினார். 19-ஆம் நூற்றாண்டில் இரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறை வந்தபின் பிரான்சின் நெலாட்டோன் மென்மையான இரப்பர்க் குழாயைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அக்குழாய் வழுக்கி வெளியே வந்துவிடாமலிருக்கத் தொடையில் ஒட்டியோ கட்டியோ வைக்க வேண்டியிருந்தது.

1930-களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த பிரெடரிக் போலி, நுனியில் சிறு பலூன் கொண்ட குழாயை உருவாக்கினார். உள்ளே சென்றபின் பலூனில் நீரை நிரப்பினால் குழாய் நழுவாது. காப்புரிமைப் போட்டியில் அவர் தோற்றாலும் குழாய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இக்குழாய் எண்ணற்றோரின் வேதனையைத் தீர்த்தது. அதே வேளையில், நெடுநேரம் உள்ளே இருக்கும் குழாய் கிருமிகள் ஏறும் ஏணியாகவும் ஆகிவிடுகிறது. எனவே எல்லாருக்கும் குழாய் போட்டே அறுவை செய்யும் பழைய வழக்கம் இன்று குறைந்துள்ளது. சிறுநீர்ப்பையில் எவ்வளவு நீர் உள்ளது என்பதை மீயொலிக் கருவியால் வலியின்றி அளந்து, தேவைப்பட்டால் மட்டும் குழாய் போடுகின்றனர். புராசுடேட் பகுதியைத் தளர்த்தும் மாத்திரைகளை முன்கூட்டியே கொடுப்பது பற்றிய ஆய்வுகள் ஒத்த முடிவைத் தரவில்லை.

வலையின் காலம்

பசினி முறையில் இழுத்துத் தைத்த தசைகள் சிலருக்கு மீண்டும் விலகின. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் பிரான்சிசு அசர் நெகிழி இழை வலையைக் குடலிறக்கத்துக்குப் பயன்படுத்தினார். இலாசு ஏஞ்செலசைச் சேர்ந்த இர்விங் இலிச்டென்சிடைனும் உடனிருந்தோரும் தசைகளை இழுக்காமல் வலையை மட்டும் ஒட்டுப்போட்டுத் தைக்கும் முறையை 1980-களில் வளர்த்து, 1989-இல் வெளியிட்டனர். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் அறுவையாக இது மாறியது. விலையுயர்ந்த வலைக்கு மாற்றாக, மராட்டிய மாநிலத்தின் தொண்டாயிச்சா ஊரில் மருத்துவர் தொங்காவுங்கர் கொசுவலைத் துணியைத் தூய்மைப்படுத்திப் பயன்படுத்திய முறை ஏழை நாடுகளின் கவனத்தை ஈர்த்தது.

1990-களில் நுண்துளை அறுவை வந்தது. அர்ரேகி 1992-இலும், மெக்கெர்னனும் இலாசும் 1993-இலும் வெளியிட்ட முறைகளில் வலை உட்புறத்திலிருந்து வைக்கப்படுகிறது. அதை விரிப்பதற்குப் பிரிக்கப்படும் இடம் ரெட்சியசும் போக்ரோசும் விவரித்த அதே இடைவெளிகளே. ஓரமாக இருந்த சிறுநீர்ப்பை இப்போது அறுவைக் களத்தின் நடுவே வந்துவிட்டது. முன்பே புராசுடேட் அறுவையோ அடிவயிற்று அறுவையோ செய்துகொண்டவர்களிடம் அந்த இடைவெளி தழும்பால் ஒட்டிப்போயிருக்கும். அதைப் பிரிக்கும்போது சிறுநீர்ப்பை கிழியும் ஆபத்து கூடுகிறது. அத்தகையோருக்குத் திறந்த அறுவையைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

வலை சிறுநீர்ப்பையை அரித்து உள்ளே நுழையும் நிகழ்வுகளும் 1990-களிலிருந்து பதிவாகத் தொடங்கின. இது அரிது. ஆனால் அறுவை முடிந்து பல மாதங்கள் அல்லது பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். அடிக்கடி சிறுநீர்த் தொற்று, சிறுநீரில் இரத்தம், எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். சிறுநீரில் உள்ள உப்புகள் வலையின் இழைமேல் படிந்து கல்லாகவும் ஆகலாம். வலையின் ஓரம் மடங்கிச் சிறுநீர்ப்பையை உரசுவது, வலையைப் பொருத்திய ஆணிகள் நகர்வது, அறுவையின்போது பட்ட சிறு காயம் கவனிக்கப்படாமல் போவது ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. செருமனியின் மாக்சு நிட்சே 1877-இல் உருவாக்கிய, ஒளியுடன் கூடிய சிறுநீர்ப்பை அகநோக்கியின் வழிவந்த கருவிகளே இன்றும் இதைக் கண்டறிய உதவுகின்றன. அரித்த வலையை அகற்றிச் சிறுநீர்ப்பையைத் தைப்பதே தீர்வு.

இங்கே பெரிய சிக்கல் தொடர்பு அறுந்துபோவதுதான். எட்டு ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்ட குடலிறக்க அறுவையை, சிறுநீர் எரிச்சலுக்காக வேறொரு மருத்துவரிடம் செல்பவர் சொல்ல நினைப்பதில்லை. மாத்திரைகள் மாறி மாறித் தரப்படும். தொற்று திரும்பத் திரும்ப வரும். அறுவை விவரமும், வலை வைக்கப்பட்டதா என்பதும் எழுதப்பட்ட மருத்துவமனைச் சீட்டைப் பாதுகாத்து வைப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது.

இன்றைய நடைமுறை

இந்த நீண்ட அனுபவத்திலிருந்து கிடைத்த பாதுகாப்பு முறைகளில் பல மிக எளியவை.

அறுவை அறைக்குச் செல்வதற்குச் சற்று முன் நோயாளியைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்கின்றனர். காலியான சிறுநீர்ப்பை எலும்பின் மறைவில் அடங்கிவிடுவதால் கத்திக்கும் ஊசிக்கும் எட்டாது. சிறுநீர் முக்கி முக்கிப் போகிறதா, இரவில் பலமுறை எழ வேண்டியுள்ளதா, கழித்தபின் வீக்கம் சிறுக்கிறதா என்று முன்னதாகக் கேட்டறிவது நல்லது. புராசுடேட் வீக்கம் கடுமையாக இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை தரப்படுவதுண்டு. நரம்பு வழியே ஏற்றும் நீரின் அளவு மட்டுப்படுத்தப்படுகிறது. இயன்ற இடங்களில் உள்ளிட மரப்பு மருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது. சந்தேகம் எழுந்தால் குழாயின் வழியே நீல நிற நீரைச் செலுத்திக் கசிவு உண்டா என்று அறுவையின்போதே பார்க்கின்றனர்.

அறுவைக்குப்பின் செவிலியர் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, சிறுநீர் கழித்தாயிற்றா என்பது. வெட்கப்பட்டு "ஆயிற்று" என்று சொல்லிவிடும் பெரியவர்கள் உண்டு. ஆறேழு மணி நேரமாகியும் சிறுநீர் பிரியவில்லை என்றாலோ, சொட்டுச் சொட்டாக மட்டும் வருகிறது என்றாலோ, அடிவயிறு உப்பிக் கனத்தாலோ உடனே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை குழாய் போட்டு வடித்தால் தீர்ந்துபோகும் தொல்லை, மறைத்தால் சிறுநீர்ப்பைத் தசையையே தளர்த்திவிடும். வீடு திரும்பிய பிறகு சிறுநீரில் இரத்தம் தென்பட்டாலும், விரைப்பை திடீரென வீங்கினாலும், காய்ச்சலுடன் வயிறு உப்பினாலும் அறுவை செய்த மருத்துவமனைக்கே திரும்பிச் செல்வது உகந்தது.